உதைத்தால் ஆடும் உலகம்

அமெரிக்க உளவியலாளர் கரோலின் ரோவீ-காலியர் 1969இல் வெளியிட்ட ஆய்வுக்குத் தேவைப்பட்டது ஒரு தொட்டில், ஒரு ரிப்பன், தலைக்கு மேலே தொங்கும் ஒரு பொம்மைக் கொத்து. இவ்வளவுதான். இரண்டு மூன்று மாதக் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். முதல் சில நிமிடங்கள் அது சும்மா எத்தனை முறை காலை உதைக்கிறது என்று எண்ணிக்கொள்வார்கள். பிறகு ரிப்பனின் ஒரு முனையைக் கணுக்காலிலும் மறுமுனையைப் பொம்மைக் கொத்திலும் கட்டிவிடுவார்கள். இனி குழந்தை உதைத்தால் பொம்மைகள் ஆடும். ஓங்கி உதைத்தால் கூடுதலாக ஆடும். சில நிமிடங்களில் உதைகளின் எண்ணிக்கை மளமளவென்று ஏறிவிடும். பொம்மையை வேறு யாராவது ஆட்டிவிட்டால் அந்த ஏற்றம் வருவதில்லை. ஆகவே, குழந்தையைத் தூண்டுவது ஆடும் பொம்மை மட்டுமல்ல. தன் உதைக்கு அது ஆடுகிறது என்பதும்தான். மூன்று மாதக் குழந்தை இந்தத் தொடர்பை ஏறக்குறைய ஒரு வாரம்வரை மறப்பதில்லை என்பதையும் ரோவீ-காலியரின் பிற்கால ஆய்வுகள் காட்டின. தன் பெயரே தெரியாத வயதில் ஓர் உயிர் ‘இது என்னால் நடக்கிறது’ என்று கண்டுகொள்வதை இவ்வளவு அருகிலிருந்து காட்டிய ஆய்வுகள் குறைவு.

‘இது என்னால் நடக்கிறது’ என்ற இந்த உணர்வைத் தன்செயல் உணர்வு என்று சொல்லலாம். பசி, வலி போல இதுவும் உடலோடு பிறந்தது என்றோ, உள்ளே அமர்ந்திருக்கும் ஏதோ ஒரு ‘நான்’ பிறப்பிலிருந்தே கட்டளையிடுகிறது என்றோதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். கடந்த எழுபது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் வேறொரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. பிறவியில் கிடைப்பது அசைவும், அசைவின் விளைவை ஒப்பிட்டுப் பார்க்கும் நரம்பமைப்பும்தான். ‘நான்’ என்பது அதற்குப் பின்னால் வருகிறது. அசைந்து, உலகம் அதற்குப் பதில் சொல்வதைப் பார்த்து, அந்தப் பதிலில் தன் பங்கு எது என்று பிரித்தறிந்துதான் ஓர் உயிர் தன்னைச் செய்பவராக உணர்கிறது. அப்படியானால் இந்த உணர்வு வளரவும் கூடும், பதில் கிடைக்காத இடத்தில் வாடவும் கூடும்.

தொட்டில் ஆய்வைப் பற்றி முதலில் எழுந்த மறுப்பு இது: இதில் ‘நான்’ எங்கே வந்தது? எலி நெம்புகோலை அழுத்தினால் தீனி வருகிறது, மேலும் அழுத்துகிறது. குழந்தையும் அப்படித்தான், வெறும் பழக்கம். நியாயமான மறுப்புதான். இதை நேரடியாக எதிர்கொண்டவர்கள் ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தின் அலிசா ஸ்லோன், நான்சி ஜோன்ஸ், ஸ்காட் கெல்சோ ஆகியோர். 2023இல் வெளியான அவர்களது ஆய்வில் குழந்தையின் காலசைவு, பொம்மையின் அசைவு இரண்டையும் நவீனக் கேமராக்கள் ஒரே நேரத்தில் நுணுக்கமாகப் பதிவுசெய்தன. வெறும் பழக்கம் என்றால் உதைகள் சீராக, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போக வேண்டும். எல்லாக் குழந்தைகளிடமும் அப்படி நடக்கவில்லை. சில குழந்தைகளிடம் ஒரு கட்டத்தில் திடீர்த் திருப்பம் தெரிந்தது. உதைப்பதைப் போலவே, உதைக்காமல் இருப்பதும் முக்கியம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். தான் நின்றால் பொம்மையும் நிற்கிறதா என்ற விவரம் குழந்தைக்கு அந்த இடைவெளியில்தான் கிடைக்கிறது. அசைந்தால் ஆடுகிறது, நிறுத்தினால் நிற்கிறது என்ற இரண்டும் சேரும்போதுதான் காரணம் தான் என்பது உறுதியாகிறது. பழக்கத்துக்குத் திரும்பத் திரும்பச் செய்வது போதும். தன்செயலைக் கண்டுகொள்ள நிறுத்திப் பார்க்கவும் வேண்டும்.

இதன் வேர் மனிதக் குழந்தைக்கு வெகு முன்னே, நரம்பே இல்லாத உயிர்களிடம் தொடங்குகிறது. நம் குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. அதன் வாலிழைகள் ஒரு திசையில் சுழன்றால் நேராக நீந்தும். எதிர்த் திசையில் சுழன்றால் குட்டிக்கரணம் அடித்து ஏதோ ஒரு புதுப் பக்கம் திரும்பும். ஹோவர்ட் பெர்க் 1972இல் ஒரே ஒரு பாக்டீரியாவை நுண்ணோக்கியில் விடாமல் பின்தொடர்ந்து இதை அளந்தார். சுமார் ஒரு வினாடி நீச்சல், பிறகு கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு குட்டிக்கரணம், மறுபடி நீச்சல். உணவு இருக்கும் திசையைக் கண்டறிய அதன் உடல் மிகச் சிறியது. தலைக்கும் வாலுக்கும் இடையே சர்க்கரையின் அளவில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் அது காலத்தை வைத்து அளக்கிறது. இப்போதைய அளவைச் சில வினாடிகளுக்கு முந்தைய அளவோடு ஒப்பிடுகிறது. நிலைமை மேம்பட்டால் அதே வழியில் கூடுதல் நேரம் நீந்துகிறது. இல்லையென்றால் சீக்கிரமே திரும்பிவிடுகிறது. செய், பார், முன்னதோடு ஒப்பிடு, மாற்று என்ற சுற்று இங்கேயே முழுமையாக இருக்கிறது. ஆனால் சர்க்கரை கூடியது தான் நீந்தியதாலா, நீரோட்டம் கொண்டுவந்து சேர்த்ததாலா என்று பாக்டீரியா பிரித்துப் பார்ப்பதாகச் சொல்ல ஆதாரமில்லை. செயல் இருக்கிறது, தன்செயல் உணர்வு இன்னும் இல்லை.

அந்தப் பிரிப்பு நரம்பு மண்டலத்தோடு வருகிறது. அதைக் காட்டிய ஆய்வை உயிரியல் மாணவர்கள் இன்றும் வியப்போடு படிக்கிறார்கள். ஜெர்மனியில் எரிக் ஃபான் ஹோல்ஸ்ட், ஹோர்ஸ்ட் மிட்டல்ஷ்டேட் இருவரும் 1950இல் வெளியிட்டது அது. தேனீயைப் போலத் தோற்றமளிக்கும் ஒரு வகை ஈயைக் கறுப்பு வெள்ளைக் கோடுகள் போட்ட உருளைக்குள் விட்டார்கள். உருளையைச் சுழற்றினால் ஈயும் அதே பக்கம் திரும்பும். காட்சி நழுவினால் அதைச் சரிசெய்வது அதன் இயல்பு. சுழலாத உருளைக்குள் ஈ தானாகத் திரும்பினாலும் கோடுகள் கண்ணில் அதேபோலத்தான் நழுவுகின்றன. ஆனாலும் அது தடுமாறாமல் நடக்கிறது. தானாக நடக்கும்போது மட்டும் அந்தச் சரிசெய்யும் இயல்பு அணைந்துவிடுகிறதோ? அதைச் சோதிக்க ஈயின் தலையை 180 பாகை திருப்பி அப்படியே ஒட்டிவிட்டார்கள். இயல்பு அணைந்திருந்தால் தலை எப்படி இருந்தாலும் ஈ ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். மாறாக, அது ஒரே இடத்தில் வட்டமிட்டுச் சுழலத் தொடங்கியது. இதற்கு ஒரே விளக்கம்தான் பொருந்தியது. காலுக்கு ‘திரும்பு’ என்ற கட்டளை போகும்போதே அதன் நகல் ஒன்று பார்வைப் பகுதிக்கும் போகிறது. ‘இப்போது காட்சி இந்தப் பக்கம் இவ்வளவு நழுவும்’ என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறது. எதிர்பார்த்தபடி நழுவினால் ஈ அதைப் பொருட்படுத்துவதில்லை. தலை தலைகீழாக மாறியதால் எதிர்பார்ப்புக்கு நேரெதிராகக் காட்சி நழுவியது. ஈ அதைச் சரிசெய்யப் போய் மேலும் சுழன்றது. அதே ஆண்டு அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெரி மீன்களின் கண்ணைத் திருப்பிவைத்து ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்திருந்தார்.

இந்த நகல் வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. ஆண் சுவர்க்கோழி இரவில் சிறகுகளை உரசிப் பாடும் சத்தம் நம் காதையே துளைக்கும்; அதன் செவிகளோ அதன் முன்னங்கால்களிலேயே இருக்கின்றன. தன் பாட்டே தன் காதைச் செவிடாக்காமல் இருப்பது எப்படி? ஜேம்ஸ் பூலே, பெர்த்தோல்ட் ஹெட்விக் இருவரும் 2006இல் இதற்குக் காரணமான நரம்பணுவையே அடையாளம் காட்டினார்கள். பாட்டுக்கான கட்டளை சிறகுக்குப் போகும் அதே கணத்தில் இந்த அணு செவிப்புலன் நரம்புகளை அடக்கிவைக்கிறது. சத்தமே எழாதபடி செய்தும் அந்த அடக்கம் நடந்தது. பாடாமல் இருக்கும் பூச்சியில் அந்த அணுவைத் தனியே தூண்டினாலும் செவி மங்கியது. ஆக, ‘இது என் ஒலி’, ‘இது வெளியிலிருந்து வந்த ஒலி’ என்ற பாகுபாட்டுக்குத் தத்துவ விசாரணை தேவையில்லை. ஒரு பூச்சிக்கு ஓர் அணுவே போதும். மனிதரில் இதன் சுவடு நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாமல் போவதில் தெரிகிறது. சாரா-ஜெயின் பிளேக்மோர், டேனியல் வோல்பர்ட், கிறிஸ் ஃபிரித் மூவரும் லண்டனில் 1998இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, சொந்தக் கையின் தொடுகைக்கு மூளையின் தொடு உணர்வுப் பகுதி குறைவாகவே வினையாற்றியது. அடுத்து, கைக்கும் தொடுகைக்கும் நடுவே ஓர் இயந்திரக் கையை வைத்து, கை அசைந்த பிறகு தொடுகை சற்றுத் தாமதமாக வருமாறு செய்தார்கள். பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று வினாடி என்று தாமதம் கூடக்கூடக் கூச்சமும் கூடியது. அசைத்தவர் அதே ஆள்தான், அவருக்கும் அது தெரியும். ஆனாலும் எதிர்பார்த்த நேரத்துக்கு விளைவு வராததால் உடல் அதை அந்நியத் தொடுகையாகவே எடுத்துக்கொண்டது.

ஈக்கும் சுவர்க்கோழிக்கும் இந்த நகல் குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்கிறது. பாலூட்டிகளிடம் அது அனுபவத்தால் விரிகிறது. பிறந்த குழந்தையின் கன்னத்தைப் பிறர் விரல் தொட்டால் அது வாயைத் திறந்து அந்தப் பக்கம் தேடும்; தன் கையே பட்டால் அவ்வளவாகத் தேடாது என்று ஃபிலிப் ரோஷாவும் சூசன் ஹெஸ்போஸும் 1997இல் காட்டினார்கள். தனக்கும் பிறருக்கும் இடையிலான கோட்டின் தொடக்கம் பிறக்கும்போதே இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் தொடக்கம் போதாது. ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் இருவரும் 1963இல் வெளியிட்ட பூனைக்குட்டி ஆய்வு இதற்குச் சான்று. இருட்டில் வளர்ந்த இரண்டு குட்டிகளை ஒரு ராட்டினத்தின் இரு முனைகளில் பிணைத்தார்கள். ஒன்று தன் காலால் நடந்தது. மற்றது தொட்டியில் உட்கார்ந்தபடி, முதலாவதன் நடையால் இழுக்கப்பட்டுச் சுற்றியது. இரண்டின் கண்ணிலும் விழுந்த காட்சி ஒன்றுதான். நடந்த குட்டி இயல்பாக வளர்ந்தது. உட்கார்ந்து பார்த்த குட்டியோ, மேசையை நோக்கி இறக்கியபோது காலை நீட்டவில்லை. பள்ளத்தின் விளிம்பில் ஒதுங்கவில்லை. முகத்தை நோக்கி வந்த பொருளுக்குக் கண்ணைச் சிமிட்டவில்லை. வெளிச்சத்தில் சுதந்திரமாகத் திரியவிட்ட பிறகே அது தேறியது. எவ்வளவு பார்த்தாலும், தான் செய்து பார்க்காதது தன்னுடையதாவதில்லை.

தன்செயல் உணர்வு வாடவும் கூடும் என்றேன். அதற்கான சான்று கொடூரமான ஆய்வு ஒன்றிலிருந்து வந்தது. மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் இருவரும் 1967இல் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு குழு நாய்கள் ஒரு பலகையை அழுத்தி அதிர்ச்சியை நிறுத்தலாம். மறு குழுவுக்கு அதே அளவு அதிர்ச்சி, ஆனால் அவை எதைச் செய்தாலும் பயனில்லை. மறுநாள், ஒரு தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற நிலை. முதல் குழு தாண்டியது. இரண்டாம் குழுவில் பெரும்பாலானவை படுத்துக்கொண்டு வலியைத் தாங்கின. தாம் எது செய்தாலும் வீண் என்று அவை கற்றுக்கொண்டன என்பதே அன்றைய விளக்கம். ஐம்பது ஆண்டு மூளை ஆய்வுக்குப் பிறகு, 2016இல், இதே இருவரும் அந்த விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நீடித்த துன்பத்தில் முடங்கிப்போவதுதான் பாலூட்டி மூளையின் இயல்பான பதில். அதைக் கற்க வேண்டியதே இல்லை. கற்க வேண்டியது ‘என்னால் இதை மாற்ற முடியும்’ என்பதை. எலிகளில் மூளையின் முன்பகுதி அந்தக் கட்டுப்பாட்டைக் கண்டுகொண்டால், முடக்கத்தை உண்டாக்கும் மூளைத்தண்டுப் பகுதியை அடக்குகிறது. ஒரு முறை அப்படிக் கற்ற எலி, பிற்பாடு தப்பவே முடியாத துன்பத்திலும் முன்போல முடங்குவதில்லை. தாங்களே நிறுவிப் புகழ்பெற்ற கோட்பாட்டை அதன் ஆசிரியர்களே திருத்திய அரிய நிகழ்வு இது. ‘நான் செய்பவன்’ என்பது பிறப்புரிமையாகக் கையில் இருப்பதல்ல, அனுபவத்தால் ஈட்டுவது என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை.

இங்கே சிலர் கேட்கலாம்: செய்வதும் ஒப்பிடுவதும் திருத்துவதும்தான் அடிப்படை என்றால், அறையின் வெப்பத்தை அளந்து தானே நின்று தானே ஓடும் ஏசியும் அதைத்தானே செய்கிறது? அதற்கும் தன்செயல் உண்டா? சுற்று ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் 24 பாகை வேண்டும் என்பது நம் தேவை, ஏசியின் தேவை அல்ல. அறை சூடேறினால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. பாக்டீரியா தவறான திசையில் நீந்திக்கொண்டே இருந்தால் பட்டினியில் சாகும். உயிரி தன்னைத்தானே ஒவ்வொரு கணமும் கட்டிக் காக்க வேண்டியிருக்கிறது. அதன் செயலின் விளைவு அதன் இருப்பையே தொடுகிறது. அந்தப் பணயம் இல்லாத இடத்தில் ஒப்பீடு இருக்கலாம், ‘எனக்கு’ என்பது இராது.

இன்னும் கடினமான மறுப்பு பெஞ்சமின் லிபெட்டின் பெயரால் வருகிறது. விரும்பும் நேரத்தில் மணிக்கட்டை அசையுங்கள், அசைக்க வேண்டும் என்று தோன்றிய கணத்தையும் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். 1983இல் வெளியான முடிவுகளின்படி, அசைக்கும் எண்ணம் தோன்றியது அசைவுக்கு ஏறத்தாழ 0.2 வினாடிக்கு முன். மூளையில் ஆயத்த மின்மாற்றம் தொடங்கியதோ ஏறத்தாழ 0.55 வினாடிக்கு முன். மூளை முதலில் முடிவெடுத்துவிடுகிறது, ‘நான்’ பிறகு வந்து பெயர் வாங்கிக்கொள்கிறது என்று இதற்குப் பொருள் சொன்னவர்கள் பலர். ஆனால் ஆரோன் ஷுர்கரும் உடனாய்வாளர்களும் 2012இல் வேறு விளக்கம் தந்தார்கள். மூளையின் மின்னோட்டம் எப்போதும் தற்செயலாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. காரணம் எதுவும் இல்லாத ஓர் அசைவைச் செய்யச் சொன்னால், அந்த ஏற்றம் ஒரு வரம்பைத் தொடும் கணத்தில் அசைவு நிகழ்கிறது. அந்த ஏற்றத்தின் சராசரியே நமக்கு முன்கூட்டிய முடிவுபோலத் தெரிகிறது. அதைவிட முக்கியமானது ஒன்று. லிபெட் சோதித்த அசைவுக்கு விளைவே கிடையாது. அசைத்தால் உலகில் எதுவும் மாறாது. தன்செயல் உணர்வு கட்டளை பிறந்த கணத்தில் குடியிருப்பதல்ல. செயலையும் விளைவையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கில் உருவாவது. அதன் தொடக்கத்தை மில்லி வினாடியில் தேடிக் கிடைக்கவில்லை என்பதால் அது பொய்யாகிவிடாது.

அது கணக்கு என்பதால் கணக்குப் பிழையும் நேரும். எலன் லேங்கர் 1975இல் நடத்திய லாட்டரிச் சோதனையில், ஒரு டாலர் சீட்டைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள் அதைத் திரும்பக் கொடுக்கச் சராசரியாக 8.67 டாலர் கேட்டார்கள். பிறர் எடுத்துக் கொடுத்த சீட்டை வைத்திருந்தவர்கள் கேட்டது 1.96 டாலர். குலுக்கலில் இருவருக்கும் வாய்ப்பு ஒன்றுதான். எதிர்த்திசையிலும் பிழை வரும். மனச்சிதைவு நோயாளிகளில் சிலர் தம் கையை வேறு யாரோ அசைப்பதாக உணர்கிறார்கள். இத்தகையோருக்குத் தம் தொடுகையும் பிறர் தொடுகையும் ஏறக்குறைய ஒரே அளவு கூச்சமூட்டுவதை பிளேக்மோர் குழு கண்டது. இத்தகைய பிழைகளைக் காட்டி, இந்த உணர்வே முழு மாயை என்பவர்கள் உண்டு. கண் கானலைக் காண்கிறது என்பதற்காகப் பார்வையே மாயை என்று யாரும் சொல்வதில்லை. பிழைகள் காட்டுவது, இந்த உணர்வு ஆதாரங்களிலிருந்து ஊகித்துக் கட்டப்படுகிறது என்பதையே. எப்போது தவறும் என்பதை ஆய்வகத்தில் முன்கூட்டிச் சொல்ல முடிகிறது என்றால், எப்படிச் சரியாக இயங்குகிறது என்பது நமக்குப் பெருமளவு புரிந்திருக்கிறது என்றே பொருள்.

இந்த முடிவுக்கு நடைமுறையில் ஒரு கனம் உண்டு. கைக்குழந்தையின் முன்னால் வைக்கப்படும் கைபேசி, குழந்தை உதைத்தாலும் சிரித்தாலும் அழுதாலும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். வண்ணமும் ஒலியும் எவ்வளவு இருந்தாலும், அங்கே குழந்தை ராட்டினத் தொட்டியில் உட்கார்ந்த பூனைக்குட்டிதான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதை இந்த வெளிச்சத்திலும் பார்க்கலாம். கரண்டியைக் கையில் கொடுத்தால் சோறு பாதி தரையில் சிந்தும் என்று ஊட்டியே வளர்க்கிறோம். வயதான பெற்றோருக்குச் சிரமம் வேண்டாம் என்று அவர்களது கடைவேலை, சமையல், பணக் கணக்கு எல்லாவற்றையும் நாமே எடுத்துக்கொள்கிறோம். வகுப்பில் மாணவர் கேட்கும் கேள்விக்கு இடமில்லாத பாடத்திட்டம், எத்தனை மனு கொடுத்தாலும் பதிலே வராத அலுவலகம் ஆகியவையும் இதே வரிசையில் சேரும். செய்தாலும் ஒன்று, செய்யாவிட்டாலும் ஒன்று என்ற நிலையில் மனிதரை நீண்ட நாள் வைத்துவிட்டு, பிறகு அவர்களுக்கு முனைப்பில்லை, பொறுப்பில்லை என்று குறை சொல்வது நியாயமல்ல. முடங்கியிருப்பவருக்கு முதலில் தேவை அறிவுரை அல்ல. தன் செயலுக்குப் பலன் உண்டு என்று கண்ணால் காண ஒரு சிறு வாய்ப்பு. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ ஒரு வேலையைச் செய்து கொடுக்கப் போகும் முன், அதில் அவர்கள் கையால் செய்ய எதை விட்டுவைத்திருக்கிறோம் என்று ஒரு முறை யோசியுங்கள். எதுவும் மிச்சமில்லை என்றால், அந்த உதவியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.